தமிழ்ச்செல்வி வந்தால் மூச்சு வாங்கும் சிஸ்டம்

மயிலின் கழுத்துக்கு நீலம் ஊற்றிக்கொண்டிருந்தபோது திரையில் அம்புக்குறி நின்றுவிட்டது. தமிழ்ச்செல்வி மவுசை ஆட்டினாள். தட்டினாள். தூக்கி ஊதிக்கூடப் பார்த்தாள். எழுந்து போய் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அப்போதுதான் அம்பு, அவள் ஆட்டிய ஆட்டம் அத்தனையையும் ஞாபகம் வைத்திருந்ததுபோல மொத்தமாக ஆடித் தீர்த்தது. மயிலுக்குக் காலும் நீலம், கொண்டையும் நீலம், பக்கத்தில் சிவனேயென்று கிடந்த மாங்காயும் நீலம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். புராசசர் நூறு சதவீதம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவள் வாங்கியது நாற்பத்தொன்று. வாழ்க்கையில் அவள் பேருக்கு நேராக வந்த முதல் நூறு இதுதான். அதுவும் வேலையைக் கெடுக்க வந்த நூறு.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த நூறைக் காட்டிய சிஸ்டம் அவள் வீட்டிலேயே இல்லை. அவள் உட்கார்ந்திருந்தது மோகனூரில், வாழைத்தோப்பை ஒட்டிய வீட்டில். சிஸ்டம் இருந்தது இளம்பிள்ளையில், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று பஸ் மாறி மாறிப் போகிற தூரத்தில். அவளிடம் இருந்த லேப்டாப் வெறும் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி சிஸ்டம், அதற்குள் சேலை டிசைன் போடுகிற சாப்ட்வேர், அதற்குள் இந்த மயில். ரிமோட் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

தமிழ்ச்செல்வி இளம்பிள்ளைக்காரி. அப்பா, அம்மா ரெண்டு பேரும் தறிக்குப் போனவர்கள். பத்தொன்பது வயதில் கம்பெனியில் சேலை மடிக்கச் சேர்ந்தாள். ஒருநாள் டிசைனர் சாப்பிடப் போன நேரத்தில், திரையில் ஒரு பூவின் இதழ் கோணலாக இருப்பது பொறுக்காமல் போய் நிமிர்த்திவிட்டாள். அந்த டிசைனர் சாப்பிட்டுவிட்டு வந்து கத்திய கத்தலில் முதலாளி ஓடிவந்தார். பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு நாற்காலி வந்தது. பதினொரு வருஷத்தில் அவள் வரைந்த முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை பெண்கள் மணவறையில் உட்கார்ந்தார்களோ, கணக்கு இல்லை. அவள் கல்யாணத்துக்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டார் கரூரில் சேலை எடுத்துவிட்டார்கள். அதன் பார்டரில் ஒரு கொடி போய் அடுத்த கொடியில் சேராமல் அரை இஞ்சு தள்ளி நின்றது. கோகுல்ராஜ் தாலி கட்டும்போது அவள் தலை குனிந்திருந்ததை எல்லாரும் வெட்கம் என்று நினைத்தார்கள். அவள் அந்தக் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகனூருக்கு வாழ்க்கைப்பட்டதும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். கம்பெனி விடவில்லை. டிசைனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் மனசில்லை. இளம்பிள்ளையில் திங்கட்கிழமை ஒரு தறியில் ஏறிய பூ, வியாழக்கிழமை அடுத்த தெருத் தறியிலும் பூத்துவிடும். அதனால் அங்கே முதலாளிகள் பெண்டாட்டியின் நகைப் பெட்டியைக்கூடப் பூட்டாமல் விடுவார்கள், டிசைனை விடமாட்டார்கள். கடைசியில்தான் ரிமோட் வந்தது. பைல் கம்பெனியிலேயே இருக்கும். அதன் படம் மட்டும் மோகனூருக்கு வந்து போகும்.

கம்பெனிக்கு மூன்று பங்காளிகள். பெரியவர் சரவணமுத்து, தறியும் டிசைனும் அவர் பொறுப்பு. அவர் தம்பி சிவபிரகாஷ், நூல் வாங்குவது. தங்கை புருஷன் ஈஸ்வர், சேலை விற்பது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் மூவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக ஒட்டி நிற்பார்கள். பெரியவரைத் தமிழ்ச்செல்வி அண்ணா என்பாள், ஈஸ்வரை மாமா என்பாள். அவள் கல்யாணத்துக்கு மூவரும் வேன் வைத்து வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

முதல் எட்டு மாதம் ஜன்னல் நன்றாகத்தான் திறந்தது. சித்திரையில் சிஸ்டம் லேசாக இழுத்தது. வைகாசியில் முந்தானையைப் பெரிதாக்கிப் பார்த்தால் திணறியது. ஆனி பிறந்ததும் நூறு.

கம்பெனிக்கு சிஸ்டம் பார்ப்பவன் யோகேஷ். தாரமங்கலம் ரோட்டில் கடை. ஆள் நல்லவன்தான், கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் ஷூவைப் பார்ப்பான். அவன் சொன்ன காரணம் இது: ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்தால் படம் வரைகிற பாரத்தைக் கிராபிக்ஸ் கார்டு சுமக்கும். ரிமோட்டில் வந்தால் அந்தப் பாரம் புராசசர் தலையில் விழும். பூவும் ஜரிகையுமாக இருக்கிற சாப்ட்வேர், அதனால் அது மூச்சு வாங்குகிறது. ரேம் போட்டால் சரியாகும் என்றான். போட்டார்கள். ஆகவில்லை. பேன் மாற்றினான். சத்தம் குறைந்தது, நூறு குறையவில்லை. டாஸ்க் மேனேஜரில் அவளுடைய சாப்ட்வேருக்குக் கீழே வாயில் நுழையாத பேரோடு மூன்று ஐட்டங்கள் எந்நேரமும் தின்றுகொண்டிருப்பதை அவள் போனில் கேட்டாள். அதெல்லாம் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள், தொடாதீங்க அக்கா என்றான்.

ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் பிடிபடவில்லை. அதே சிஸ்டத்தில் ஆபீசில் யார் உட்கார்ந்தாலும் வெண்ணெயாக ஓடியது. தமிழ்ச்செல்வி மோகனூரிலிருந்து உள்ளே வந்தால்தான் மூச்சு வாங்கியது.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு சேலை டிசைன் கொடுக்க வேண்டும். பத்து முடிந்திருந்தது. மயில் பதினொன்றாவது. புதன்கிழமை காலையில் நீலமான மாங்காயைப் பழையபடி பச்சையாக்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோது சரவணமுத்து போனில் வந்தார். மழை உண்டா என்று கேட்டார். வாழை எப்படி என்று கேட்டார். அதற்கப்புறம் ஒரு தொண்டைக் கனைப்பு.

"ஏஞ்சாமி, வேற யாருக்காச்சும் வேலை பண்றயா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. கேட்டரிங் வேலையா, தையலா என்று நினைத்தாள். அவர் விளக்கினார். சிவபிரகாஷ் போனில் ஏதோ வீடியோ பார்த்தானாம். ஒரு ஆள் உள்ளே வந்ததும் சிஸ்டம் நூறு காட்டினால், அந்த ஆள் உள்ளே இருக்கிற சரக்கை அள்ளிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தமாம். பதினொரு வருஷ டிசைன் மொத்தமும் அந்த சிஸ்டத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கோபமாக இல்லை. இழவு வீட்டில் பேசுகிற குரலாக இருந்தது.

"நான் அப்படிப் பண்ணுவனுங்களா அண்ணா" என்று மட்டும் கேட்டாள். அவர், வெள்ளிக்கிழமை நேரில் வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தாள். தப்பு. அவள் பிறந்த தேதியைத்தான் பதினொரு வருஷமாகக் கம்பெனி சிஸ்டத்துக்குப் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். அவள் பிறந்ததே தப்பு என்று அது மூன்றாவது தடவையும் சொன்னது.

மத்தியானத்துக்குள் கந்தம்மாளின் போன் வந்தது. கந்தம்மாள் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள், தமிழ்ச்செல்வியின் அம்மா வயசு. தறிக்காரர்கள் டீக்கடை வரைக்கும் பேசுகிறார்கள் என்றாள். தமிழு டிசைனை அடுத்த தெருவுக்கு வித்துட்டாளாம், அந்தக் காசில்தான் மோகனூரில் மாடி எடுக்கிறாளாம். தமிழ்ச்செல்வி அண்ணாந்து பார்த்தாள். மேலே சாமான் போடுகிற அட்டாலி இருந்தது, அதில் உரச்சாக்கு இருந்தது. மாடி இல்லை.

வேலை போனால் போகிறது, கோகுல்ராஜின் வாழை சோறு போடும். ஆனால் டிசைன் திருடி என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் இளம்பிள்ளையில் மட்டுமில்லை, ராசிபுரம், குமாரபாளையம் எங்கேயும் ஒரு கம்பெனிப் படி ஏற முடியாது. ஏறுவது இருக்கட்டும். அவள் அம்மா இன்னும் அந்தத் தெருவில்தான் தண்ணீர் பிடிக்கிறாள்.

கோகுல்ராஜ் அதிகம் பேசாத ஆள். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான், அதுவும் உள்பக்கம் வெளியே தெரிய. அவள் தடுத்தாள். நீங்க வந்தா அது சண்டை, நான் போனாத்தான் அது பதில் என்றாள். அவன் சட்டையைக் கழற்றி நேராக்கி மடித்து வைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக ஒரு சீப்புப் பூவன் பழத்தை மடியில் திணித்தான். திருட்டுப் பட்டம் வாங்கப் போகிறவள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

ஆபீசில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யோகேஷ் நின்றிருந்தான், ஷூவைப் பார்த்தபடி. வாசலில் கந்தம்மாள் எதையோ பெருக்குகிற சாக்கில் ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பழச்சீப்பை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவளே நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள்.

சிவபிரகாஷ் செய்துகாட்டினார். முதலில் யோகேஷை சிஸ்டத்தின் முன்னால் உட்காரவைத்து மயிலைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு சதவீதம். மயில் தோகை விரித்தது. பிறகு புதுப் பாஸ்வேர்டைப் போட்டு, தமிழ்ச்செல்வி கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பிலிருந்து அவள் பேரிலேயே உள்ளே போகச் சொன்னார். போனாள். முப்பது, அறுபது, தொண்ணூறு. ஒரு நிமிஷத்தில் நூறு. அந்த மயில் அவளைக் கண்டதும் செத்ததுபோல நின்றது.

தமிழ்ச்செல்விக்கே ஒரு கணம், நாம்தான் ஏதாவது செய்துவிட்டோமோ என்று தோன்றியது. அதுதான் அன்றைக்கு அவளுக்கு முதல் அதிர்ச்சி. கண்ணெதிரே சாட்சி இருந்தால் தன் கை மேலேயே தனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

"இப்ப என்ன சொல்ற கண்ணு?" என்றார் சிவபிரகாஷ்.

சரவணமுத்து கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேசை டிராயரிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்து, ஒரு தட்டில் நாலு வில்லையை வைத்துப் பற்றவைத்தார். சத்தியம் பண்ணு, நம்பிக்கிறோம் என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பதுதான் அங்கே சத்தியம். பொய்யாக அடித்தால் கை விளங்காமல் போகும் என்று ஒரு பயம். டிசைனருக்குக் கைதானே எல்லாம்.

அவள் யோசிக்கவேயில்லை. இந்த சிஸ்டத்திலிருந்து ஒரு பூவைக்கூட வெளியே எடுக்கவில்லை, வேறு யாருக்கும் இதில் வேலை பார்க்கவில்லை என்று சொல்லி, பளாரென்று அடித்தாள். தட்டு எகிறி விழுந்தது.

அவ்வளவில் முடிந்திருக்கும். வாசலில் பெருக்குமாறு நின்றது.

"தறிக்கூடத்துல ஒரு நூல் பாபின் காணாமப் போனாலும் எல்லாருந்தானுங்க அடிப்போம்" என்றாள் கந்தம்மாள், யாரையும் பார்க்காமல். "ஒருத்திய மட்டும் அடிக்கச் சொல்ற வழக்கம் எந்த ஊருதுங்க?"

தமிழ்ச்செல்வி தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கற்பூரத்தையும் வைத்தாள். அவளுக்கு அப்போது எந்தத் தந்திரமும் மனதில் இல்லை. வழக்கம் என்றால் வழக்கம், அவ்வளவுதான். இந்த சிஸ்டத்தைத் தொட்டவர்கள் எல்லாரும் அடிக்கட்டும் என்றாள். யாருக்கும் தெரியாமல் இதிலிருந்து நான் எதுவும் எடுக்கவில்லை, இதற்குள் எதுவும் வைக்கவில்லை என்று சொல்லி அடித்தால் போதும். முதலில் யோகேஷ் தம்பி.

யோகேஷின் முகம் வெளுத்தது. ஷூவிலிருந்து முதல் தடவையாகக் கண்ணைத் தூக்கினான்.

"என்னால அடிக்க முடியாதுங்க" என்றான். "நான் இதுக்காக ஏற்கெனவே மூணு தடவ கற்பூரம் அடிச்சிருக்கேன். யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

யாரிடம் என்று சரவணமுத்து கேட்கவில்லை. அதைத் தமிழ்ச்செல்வி கவனித்தாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான், ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

யோகேஷ் சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம், கையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை என்று முணுமுணுத்தான். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸின் அந்த மூன்று சொந்தப் பிள்ளைகளில் முதல் பிள்ளையைப் பிடித்து நிறுத்தினான். நூறு எழுபத்தி நாலானது.

டிங் என்று ஒரு சத்தம். சிவபிரகாஷின் சட்டைப் பையில்.

இரண்டாவதை நிறுத்தினான். எழுபத்தி நாலு நாற்பத்தியாறானது. ஈஸ்வரின் பையில் டிங்.

மூன்றாவது. நாற்பத்தியாறு இருபதானது. மேசைமேல் மல்லாந்து கிடந்த சரவணமுத்துவின் போன், எல்லாரும் பார்க்க, வெளிச்சம் போட்டுக்கொண்டு சொன்னது: உங்கள் கண்காணிப்புப் பதிவு நிறுத்தப்பட்டது.

மயில் தோகையை விரித்தது. மாங்காய் பச்சையானது. ரெண்டு நாளாகத் தேங்கிக் கிடந்த அவளுடைய வேலை ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தது. அதைப் பார்க்க அந்த அறையில் யாருக்கும் கண் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். சித்திரையில் சிவபிரகாஷ், தமிழ்ச்செல்வி டிசைனை அள்ளிவிடுவாளோ என்று பயந்து, அவள் திரையை முழுசாக வீடியோ எடுக்கிற ஒன்றை ரகசியமாகப் போடச் சொன்னார். அண்ணனுக்குச் சொன்னால் தங்கையாகப் பார்க்கிறவர் திட்டுவார். வைகாசியில் ஈஸ்வர், மச்சான்மார் ரெண்டு பேரும் சேர்ந்து தனக்குத் தெரியாமல் டிசைனை வெளியே கைமாற்றுகிறார்களோ என்று ஒன்று போடச் சொன்னார். ஆனியில் சரவணமுத்து, சிஸ்டம் ஏன் திணறுகிறது என்று கண்டுபிடிக்க ஒன்று போடச் சொன்னார். மூன்றும் அவள் ரிமோட்டில் வந்தால் விழித்துக்கொள்ளும், போனால் தூங்கிவிடும். அவள் ஒரு பூ வரைந்தால் அதை மூன்று பேர் மூன்று பக்கம் நின்று நொடிக்கு நொடி படமெடுத்தார்கள். படமெடுத்த பாரத்தைத் தாங்க முடியாமல் சிஸ்டம் நூறில் நின்றது. நூறில் நின்றதால் அவள் திருடி ஆனாள்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். நீயுமா என்று கேட்க மூவருக்கும் வாய் வந்தது, கேட்கிற யோக்கியதைதான் ஒருவருக்கும் வரவில்லை.

தமிழ்ச்செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மாதம். வரைந்ததையும் அழித்ததையும் மட்டுமா? மதிய இடைவேளையில் அதே சிஸ்டத்தில் ஒரு மூலையில் தொட்டில் ஒன்று வரைவாள். குழந்தை இன்னும் இல்லை. தொட்டில் சேலைக்கு என்ன பூ போடலாம் என்று ஒரு ஆசை. வரைந்து பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். கோகுல்ராஜுக்கே காட்டியதில்லை.

"யாராச்சும் அதப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

சிவபிரகாஷ் தலையை ஆட்டி இல்லை என்றார், நேரமே கிடைக்கலை என்றார். சரவணமுத்து எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றார். ஈஸ்வர் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, நீங்க பாத்தீங்க."

"பாத்தேன் சாமி."

"அதுல நான் திருடுனனுங்களா?"

"இல்ல." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முழுசும் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அப்பறம் ஏனுங்க மாமா புதன்கிழமையே சொல்லல?"

பதில் எல்லாருக்குமே தெரிந்திருந்தது. சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று மச்சான் கேட்டிருப்பார். தன் போன் வெளிச்சத்துக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக அவள் பேர் டீக்கடையில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். முதல் பந்தியில் உட்கார்ந்து ரசத்தைப் புகழ்ந்த மாமா. நூறு சதவீதம் அவளை அவ்வளவு அதிர வைக்கவில்லை, பாஸ்வேர்டு தப்பு என்றதுகூட அதிர வைக்கவில்லை. இதுதான் அவளை நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தது. அதில் பழச்சீப்பு இருந்தது. பழச்சீப்பு மேலேயே உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

சரவணமுத்து கும்பிட்டார். அறுபதை நெருங்குகிற மனுஷன், ரெண்டு கையையும் சேர்த்து. இப்போதே மூன்றையும் எடுத்துவிடுகிறோம், நாளைக்கே வேலையைத் தொடங்கு சாமி, மனசுல வெச்சுக்காத என்றார்.

மனசில் வைத்துக்கொள்வது என் பாடு, என்று அவள் சொன்னாள். ஆனால் என் பேரை நீங்கள் இந்த ரூமுக்குள் கெடுக்கவில்லை, அங்கே கெடுத்தீர்கள். அங்கேயே வந்து சொல்லுங்கள்.

அங்கே என்று அவள் காட்டியது தறிக்கூடத்தை. முப்பத்தாறு பவர்லூம். ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மின்வெட்டைத் தவிர அந்தக் கூடம் வேலை நாளில் மொத்தமாக நின்றதாக யாருக்கும் நினைவில்லை. சாவுச் செய்தி வந்தால்கூடத் தறியோரமாக வந்து காதுக்குள்தான் கத்துவார்கள். நிறுத்தாமல் எப்படிப் பேசுவது என்று சிவபிரகாஷ் கேட்டார். தறியில் பாவு நூல் ஏற்றி வைத்திருக்கிறோம், ஆர்டர் இருக்கிறது என்றார்.

சரவணமுத்து அவரைத் தாண்டிக்கொண்டு போனார். அவரே தறிகளுக்கான மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

முப்பத்தாறு தறியும் தடதடத்து அடங்கின. தறிக்காரர்கள் கரண்டு போய்விட்டதென்று நினைத்து மேலே பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவர்கள் முகம் மாறியது. யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தமிழ்ச்செல்வி ஒண்ணும் எடுக்கல" என்றார் சரவணமுத்து. நிசப்தத்தில் அவருக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பு எங்க மூணு பேருமேல. அந்தப் புள்ளைய நாங்க ஒளிஞ்சிருந்து பாத்தோம். சிஸ்டம் திணறுனது அதனால. இனி எவனாச்சும் அவ பேரச் சொன்னா, எங்க பேரச் சேத்துச் சொல்லோணும்."

சொல்லிவிட்டு அவர் சுவிட்சைப் போடவில்லை. போட மறந்து நின்றார். தறிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஈஸ்வர் கூடத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

கந்தம்மாள்தான் வந்து தமிழ்ச்செல்வியின் பின்பக்கம் நசுங்கிய பழத்தை முந்தானையால் துடைத்தாள். இவ்வளவு பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவள் இப்படியா நிப்பா என்று காதில் திட்டினாள். தமிழ்ச்செல்வி பக்கத்துத் தறியில் பாதியில் நின்ற சேலையைப் பார்த்தாள். அவள் போன வருஷம் போட்ட தாமரை. இரண்டாவது இதழில் நாலு இழை தப்பியிருந்தது. தறியின் தப்பு, டிசைனின் தப்பில்லை.

அவள் விரலை அதன்மேல் வைத்து, தறிக்காரரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாங்க தமிழு என்று சொல்லி, நூலைப் பிரிக்க உட்கார்ந்தார்.